அடைக்கோழி மேல செல்லு ஓடுது, பியூட்டாக்ஸ் அடிக்கலாமா?

கேள்வி:
சிறுவிடை கோழி அடையில உக்காந்து ரெண்டு வாரம் ஆச்சு. நேத்து முட்டைய பாக்கலாம்னு கைய விட்டா கை பூரா பொடிப்பொடியா செல்லுப் பூச்சி ஏறிடுச்சு. கோழியும் முன்ன மாதிரி உக்கார மாட்டேங்குது, இறங்கி இறங்கி போகுது. மாட்டுக்கு வாங்கின பியூட்டாக்ஸ் வீட்ல இருக்கு, அதையே தண்ணில கலந்து கோழிய ஒரு முக்கு முக்கி எடுத்துடலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஏப்ரல் 3, ராத்திரி

முக்காதீங்க தம்பி. பியூட்டாக்ஸ்ல இருக்கறது டெல்டாமெத்ரின். அதுல கோழிய முக்கினா நனைஞ்ச றெக்கையோட போய் முட்டை மேல உக்காரும், முட்டை குளுந்துடும். முட்டை ஓடு பூரா கண்ணுக்குத் தெரியாத துளைதான், உள்ள ரெண்டு வாரத்துக் கரு வளந்துட்டு இருக்கு, அது மேல பூச்சி மருந்து படற வேலையே வேண்டாம்.

அதை விட முக்கியமா ஒன்னு. உங்க கையில ஏறினதுல முக்காவாசி கோழி உடம்புல இருந்து வந்திருக்காது, கூடைக்குள்ள கிடக்கற வைக்கோல்ல இருந்து வந்திருக்கும். கோழிய மட்டும் சுத்தம் பண்ணி திரும்ப அதே கூடையில உக்கார வெச்சா ராத்திரிக்குள்ள பழையபடி ஏறிடும்.

இன்னைக்கே செய்ய வேண்டியது: இருட்டினதும் வேற ஒரு கூடை, இல்லன்னா அட்டைப்பெட்டி எடுத்துக்கங்க. அடியில நல்லா காஞ்ச மணல், அது மேல வெயில்ல போட்டு எடுத்த புது வைக்கோல். முட்டைய ஒவ்வொன்னா காஞ்ச துணில லேசா துடைச்சு மாத்துங்க, தண்ணி படக்கூடாது, திருப்பி உருட்டி குலுக்கவும் வேண்டாம். கோழிய மெதுவா தூக்கி மடியில வெச்சு சலிச்ச விறகுச் சாம்பலை றெக்கைக்கு அடியில, தொடைக்கு நடுவுல, எச்சம் போடற இடத்தைச் சுத்தி இறகோட வேர் வரைக்கும் விரலால தேச்சு விடுங்க. கண்ணு, மூக்கு பக்கம் மட்டும் போகாதீங்க. பழைய வைக்கோலை எங்கயும் கொட்டாம அப்படியே எரிச்சுடுங்க. மாத்தின கூடைய பழைய இடத்துலயே வைக்காம ரெண்டு மூணு அடியாச்சும் தள்ளி வைங்க, பழைய இடத்து தரையிலயும் சுவத்துலயும் கொதிக்கற தண்ணிய ஊத்துங்க. இருட்டுல மாத்தினா ரெண்டு வாரம் உக்காந்த கோழி அனேகமா சண்டை போடாம உக்காந்துக்கும். பகல்ல மாத்தினா பழைய இடத்தைத் தேடி ஓடும்.

ஏப்ரல் 4

நேத்து அவசரத்துல எழுதினது. இன்னைக்கு கொஞ்சம் விவரமா, ஏன்னா இதுக்குள்ளயே ஆளுக்கொரு மருந்து பேர் வந்துருச்சு, யாருமே அது எந்தப் பூச்சின்னு கேக்கல.

முதல்ல பேனா செல்லான்னு பாருங்க. கோழிப்பேனுக்கு ஆறு கால், வெளிர் மஞ்சளா இருக்கும், இறகை விலக்கினா தோல் மேல விறுவிறுன்னு ஓடி மறையும், கண்ணுக்கு நல்லாவே தெரியும். அதோட முட்டை இறகு வேர்ல கொத்தா ஒட்டிட்டு இருக்கும். பேன் பொறந்து சாகற வரைக்கும் கோழி மேலயேதான். செல்லு வேற. முழுசா வளந்ததுக்கு எட்டு கால், ஒரு மில்லிமீட்டர் கூட வராது. ரத்தம் குடிக்காதப்ப சாம்பல் நிறம், குடிச்சா செவப்பு, செரிச்சதும் கருப்பு. கையில ஏறினா அரிப்பு தெரியும், ஆளு தெரியாது.

இந்தச் செல்லுலயே நம்ம கோழிங்கள புடிக்கறது முக்கியமா மூணு. மூணும் தோலுக்குள்ள குடையாது, மேலாக்க இருந்து ரத்தம் குடிக்கறதுதான். ஆனா மூணோட குடித்தனம் மூணு விதம்.

ஒன்னு ரெட் மைட், டெர்மானிசஸ் கலினே. பகல்ல கோழி மேல இருக்கவே இருக்காது. கோழி அடையற கம்போட அடிப்பக்கம், ஆணி அடிச்ச இடம், பலகை இடுக்கு, ஓட்டுச் சந்து, இங்கதான் கூட்டமா கிடக்கும். ராத்திரி கோழி தூங்கினதும் வந்து ஏறி அரை மணி, ஒரு மணி நேரம் குடிச்சுட்டு திரும்ப இடுக்குக்கே போயிடும். ரெண்டாவது நார்தர்ன் ஃபவுல் மைட், ஆர்னிதோநிசஸ் சில்வியாரம். அது நேர் எதிர், முட்டை வெக்கறதுல இருந்து எல்லாமே கோழி மேலதான், அதுவும் எச்சம் போடற இடத்தைச் சுத்தி இருக்கற பூ இறகுல. மூணாவது இதுக்கு சொந்தக்காரன், ஆர்னிதோநிசஸ் பர்சா, வெப்ப நாட்டுக்காரன். கோழி மேலயும் இருக்கும், ஆனா முட்டைய நிறைய கூட்டுக்குள்ளதான் போடும். அடைக்கூடைன்னா அதுக்கு கொண்டாட்டம்.

அதனால "செல்லுக்கு என்ன மருந்து"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "செல்லு எங்க இருக்கு"ன்னு தெரிஞ்சாகணும். கம்புல இருக்கறதுக்கு கோழி மேல அடிச்சும் பிரயோஜனம் இல்ல, கோழி மேல இருக்கறதுக்கு சுவத்துல அடிச்சும் பிரயோஜனம் இல்ல. நான் இவ்ளோ அழுத்தமா சொல்றதுக்கு காரணம், மருந்துக்கு காசு போட்டு கோழியயும் விட்டவங்கள எங்க திண்டுக்கல் பக்கத்துல வருஷா வருஷம் பாக்கறேன்.

ஏப்ரல் 4, சாயங்காலம்

டார்ச் வெச்சு எப்படி பாக்கறதுன்னு கேட்டவருக்கு. கோழி அடைஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு போங்க. வெள்ளைத் துணி ஒன்னை விரல்ல சுத்தி கம்போட அடிப்பக்கம், கம்பு சுவத்துல சேர்ற மூலையில அழுத்தி இழுங்க. துணில செவப்புக் கோடு விழுந்துச்சுன்னா ரெட் மைட், அது நசுங்கின கோழி ரத்தம். கோடு விழலன்னா அடுத்த நாள் காலைல கோழிய வெளிச்சத்துல மல்லாக்க பிடிச்சு பின்பக்க இறகை ஊதி விலக்குங்க. இறகு வேர் கருத்து அழுக்கா பிசுபிசுன்னு, தோல்ல பொறுக்கு தட்டி இருந்தா அது கோழி மேலயே இருக்கற ஜாதி. எங்க கருப்புப் பெட்டைக்கு வெளிய இருந்து பாத்தா ஒன்னுமே தெரியல, கருப்பு இறகுல கருப்பு அழுக்கு எப்படி தெரியும், ஊதிப் பாத்தப்பதான் வேர்ல சாம்பல் துகள் நகர்ந்துச்சு.

பகல்ல செய்யற இன்னொரு வழி, வரிவரியா மடிப்பு இருக்கற அட்டைப்பெட்டி துண்டு. அதைச் சுருட்டி கம்புக்கு அடியில கட்டி விட்டுட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு அவுத்து வெள்ளைத் தாள் மேல தட்டுங்க. மடிப்புக்குள்ள வந்து ஒளிஞ்சிருக்கும். தட்டிப் பாத்ததும் அட்டைய எரிச்சுடணும், மூலையில போட்டா நாமளே அதுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி.

ஏப்ரல் 6

கோழிக்கு பூண்டுத் தண்ணி குடுத்தா ரத்தம் கசந்து செல்லு ஓடிடும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். குடுங்க, கெடுதல் இல்ல. ஆனா அதை நம்பி கூட்டை சுத்தம் பண்ணாம விடாதீங்க. பூண்டு குடிச்ச கோழி மேலயும் கொழுத்த செல்லை நான் பாத்திருக்கேன்.

சூட்டுல தானா உண்டாகுதுங்கறதும் தப்பு. எதுவும் தானா வராது. சந்தையில வாங்கின கோழி, இரவல் வாங்கின கூண்டு, கூரையில கூடு கட்டின மைனா, சிட்டுக்குருவி, இப்படித்தான் வரும். உங்க கூரையில மைனா கூடு இருந்தா குஞ்சு பறந்து போனதும் அந்தக் கூட்டை எடுத்து எரிங்க. குஞ்சு இருக்கும்போது கை வைக்காதீங்க பாவம்.

ஏப்ரல் 7

அடைக்கோழிய மட்டும் இது ஏன் இந்தப் பாடு படுத்துதுன்னு எழுதணும்னு நெனச்சேன். எனக்கு இதுல ஆதங்கம் அதிகம்.

சாதாரணமா நாட்டுக்கோழிக்கு செல்லை சமாளிக்க ரெண்டு ஆயுதம் இருக்கு, அலகும் புழுதியும். நாள் பூரா கோதிக்கிட்டே இருக்கும், வெயில் ஏறினதும் வேலியோரம் குழி பறிச்சு மண்ணுல புரளும். அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட ரிவர்சைடு வளாகத்துல இதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க, அலகு வெட்டின கோழிங்க மேல நார்தர்ன் ஃபவுல் மைட் பல மடங்கு ஏறுது, அலகு முழுசா இருக்கற கோழி கோதியே கட்டுக்குள்ள வெச்சுக்குது. நம்ம சிறுவிடைக்கு அலகு வெட்டற வழக்கம் இல்ல, அதுவரைக்கும் நல்லது.

ஆனா அடைக்கு உக்காந்ததும் ரெண்டு ஆயுதமும் கீழ போயிடுது. ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கும், அவசர அவசரமா நாலு தானியம் கொத்தி, தண்ணி குடிச்சு, எச்சம் போட்டு திரும்ப ஏறிடும். புரளறதுக்கு நேரம் கிடைச்சா உண்டு. மீதி நேரம் பூரா ஒரே இடம், உடம்புச் சூடு, வைக்கோல், ஈரப்பதம். செல்லு முட்டையில இருந்து வளந்து மறுபடி முட்டை போடற நிலைக்கு வர ஒரு வாரம் போதும். கோழி உக்கார்றது 21 நாள். கணக்கு போட்டுப் பாருங்க, முதல் நாள் பத்து இருபது செல்லோட உக்காந்தா குஞ்சு பொரிக்கறதுக்குள்ள மூணு தலைமுறை வந்துடுது. குஞ்சு ஓட்டை ஒடச்சு வெளிய வர்றப்ப கூடை பூரா பசியோட காத்துட்டு இருக்கு. பொறந்த குஞ்சோட உடம்புல இருக்கற ரத்தமே கொஞ்சம். மூணாம் நாள் றெக்கைய தொங்கப் போட்டு, கண்ண மூடிக்கிட்டு, கால் வெளுத்து நிக்கும். நாம என்ன நினைக்கறோம், பனி புடிச்சிருச்சு, வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சுன்னு. கழிச்சல் இருந்தா எச்சத்துல தெரியும். எச்சம் சரியா இருந்து குஞ்சு வெளுத்து சாகுதுன்னா கூடைய கவுத்துப் பாருங்க.

தாய்க்கோழி முட்டைய விட்டு இறங்கறதும் இதனாலதான். "இந்தக் கோழிக்கு அடை குணம் இல்ல"ன்னு சொல்லி அறுத்துடறாங்க. குணம் இல்லாம இல்ல, உக்கார முடியல அதுக்கு. சில கோழி அப்பவும் இறங்காது, கொண்டை வெள்ளைத் தாளாட்டம் வெளுத்து முட்டை மேலயே செத்துக் கிடக்கும். அப்படி ஒன்னை எடுத்து புதைச்சவன் நான், அதுக்கப்புறம்தான் இதை விழுந்து விழுந்து படிக்க ஆரம்பிச்சேன்.

அடை வைக்கறப்ப கரித்துண்டு, இரும்பு, வரமிளகாய் எல்லாம் போடறாங்க, இடி இடிச்சா முட்டை கெடாதுன்னு. போடறவங்க போடட்டும். அதோட சேர்த்து கூடைக்கு அடியில காஞ்ச வேப்பிலை, நொச்சி இலை ஒரு பிடி, தட்டின வசம்பு கொஞ்சம் போடுங்க. முக்கியமா கூடை பக்கத்துலயே சாம்பலும் மணலும் கலந்த ஒரு அகலமான தட்டு வைங்க. இறங்கற பத்து நிமிஷத்துல வெளிய போய் இடம் தேடாம அங்கயே புரண்டுட்டு ஏறட்டும்.

ஏப்ரல் 7, ராத்திரி

சாம்பல் நிஜமா வேலை செய்யுதா, இல்ல மனத் திருப்திக்கான்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி.

சாம்பல், டயட்டம் மண் (நுண்பாசி ஓடு படிஞ்சு உண்டான மண்ணு) மாதிரி பொடிங்க செல்லோட மேல் தோல்ல இருக்கற மெழுகை உறிஞ்சி, கீறி, ஈரத்தை இழுத்து காய வெச்சு கொல்லும். அதனால காத்துல ஈரம் அதிகமா இருக்கற ஐப்பசி, கார்த்திகையில வேகம் குறையும். அதே ரிவர்சைடு வளாகத்துல புழுதிக்குளியல் பெட்டியில டயட்டம் மண், கயோலின் களிமண், கந்தகம் மூணையும் தனித்தனியா போட்டுப் பாத்தாங்க, 2012ல கட்டுரை வந்துச்சு. முதல் ரெண்டும் புரள்ற கோழிக்கு மட்டும், போட்டிருக்கற வரைக்கும்தான் உதவுச்சு. கந்தகம் போட்ட பெட்டிதான் செல்லை கிட்டத்தட்ட துடைச்சு எடுத்துச்சு, அதே கூண்டுல இருந்து புரளாத கோழிக்கும் சேர்த்து. நான் சாம்பல் தட்டுல ரெண்டு கைப்பிடி கந்தகப்பொடி கலக்க ஆரம்பிச்சதுக்கு அதுதான் காரணம். நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும். மூக்குல துணி கட்டிக்கிட்டு கலங்க, கண்ணு எரியும், ஈரக் கையால தொடாதீங்க. குஞ்சு பொரிச்சதும் அந்தத் தட்டை எடுத்துடறேன், குஞ்சுங்க மூச்சுல தூசி போகக் கூடாது.

ஏப்ரல் 9

"கூட்டை பாருங்க கூட்டை பாருங்க"ன்னே மேல எழுதிட்டு இருக்கேன், அதோட ஒன்னு சேர்த்துக்கணும். பின்பக்க இறகு கருத்திருந்தா அது கோழி மேலயே குடியிருக்கற ஜாதி, அங்க கூடைய எரிச்சா மட்டும் போதாது. அந்தக் கோழிக்கு பொடி நேரடியா தோல் வரைக்கும் போகணும், 5 நாள்ல இருந்து 7 நாளுக்குள்ள மறுபடி ஒரு தடவை. பொடியோ மருந்தோ செல்லோட முட்டைய கொல்லாது, முதல் தடவை தப்பிச்ச முட்டை பொரிச்சு வளந்து திரும்ப முட்டை போடறதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவை விழணும். ஒரு தடவை அடிச்சுட்டு "மருந்து டூப்ளிகேட்"னு கடைக்காரரை திட்டறவங்க பாதிப்பேர் இந்த ரெண்டாவது தடவைய விட்டவங்கதான்.

சேவலையும் விடாதீங்க. பெட்டைய எல்லாம் பாத்துட்டு சேவலை யாரும் பாக்கறதில்ல, அது மேல நிறையவே இருக்கும், மிதிக்கற ஒவ்வொரு பெட்டைக்கும் குடுத்துட்டு போகும்.

ஏப்ரல் 12

நாய்க்கு முதுகுல சொட்டு விடற ஃபிப்ரோனில் மருந்தை கோழிக்கு ஒரு சொட்டு விட்டேன், அருமையா கேட்டுச்சு, எல்லாரும் செய்யுங்கன்னு ஒருத்தர். ஐயா, அதை தயவுசெஞ்சு நீக்கிடுங்க.

கேக்கும், சந்தேகமே இல்ல. முட்டைக்குள்ள போகும், அதுலயும் சந்தேகம் இல்ல. 2017ல நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் நடந்தது இதேதான். ரெட் மைட்டுக்கு யூகலிப்டஸ், புதினா வாசனை போட்ட மூலிகை மருந்துன்னு சொல்லி பண்ணைங்கள்ல அடிச்சாங்க, உள்ள ஃபிப்ரோனில் கலந்திருந்துச்சு. உணவுக்கு வளக்கற பிராணிக்கு அங்க அது தடை. கோடிக்கணக்குல முட்டைய அழிச்சாங்க, கோழிங்களையும் கொன்னாங்க, முட்டை போன நாடுங்க எல்லாம் கடைல இருந்து திரும்ப எடுத்துச்சு. பண்ணைக்காரங்க நல்ல மருந்துன்னு நம்பித்தான் அடிக்க விட்டாங்க. நம்ம வீட்டு முட்டைய யாரும் லேபுக்கு அனுப்பி பாக்கப் போறதில்ல, நம்ம புள்ளைங்கதான் திங்குது.

ஐவர்மெக்டின் ஊசி போடறவங்களுக்கும் இதையேதான் சொல்றேன். மருந்து நல்ல மருந்து. ஜப்பான்ல மண்ணுல இருந்து எடுத்த நுண்ணுயிர்ல கண்டுபிடிச்சது, அதுக்காக ஒமுரா, கேம்பல்னு ரெண்டு விஞ்ஞானிங்களுக்கு 2015ல நோபல் குடுத்தாங்க. ஆனா முட்டையிடற கோழிக்குன்னு வந்த மருந்து இல்ல, முட்டையில தங்கும். டாக்டர் சொல்லி போட்டா எத்தனை நாள் முட்டைய ஒதுக்கணும்னு அவர்கிட்டயே கேட்டு, அத்தனை நாளும் ஒதுக்குங்க.

ஐரோப்பாவுல அதே 2017லதான் குடிதண்ணில கலக்கற ஃப்ளூராலனர்னு ஒன்னை ரெட் மைட்டுக்கு அனுமதிச்சாங்க, 7 நாள் இடைவெளில ரெண்டு தடவை, முட்டைய ஒதுக்க வேண்டியதில்லன்னு சோதிச்சு சொன்னாங்க. உடனே நாய் மாத்திரையில அதே மருந்துதானே இருக்கு, உடைச்சு தண்ணில போடலாமான்னு கேக்காதீங்க. நாய்க்கு எடை பாத்து செஞ்ச மாத்திரை கோழிக்கு அளவே வராது, தண்ணில ஒழுங்கா கரையவும் கரையாது.

ஏப்ரல் 15

மண்ணெண்ணெய் பூசலாமான்னு மறுபடியும் கேக்கறாங்க. கம்புல பூசினா செல்லு சாகும், ஆனா கோழி நெஞ்சு அதுல பட்டு தோல் வெந்துடும், ஓலைக் கொட்டகைன்னா தீப்பொறி ஒன்னு போதும். வேண்டாம். இரும்புக் கூண்டா இருந்தா வெளிய எடுத்துட்டு வந்து கொதிக்கற தண்ணி ஊத்துங்க. 45 டிகிரிக்கு மேல போனாலே ரெட் மைட் தாங்காது. மரக்கம்பா இருந்தா எடுத்து எரிச்சுட்டு புதுசா போடுங்க, முடிஞ்சா பட்டை உரிச்சு வழவழன்னு இழைச்ச கம்பு. சுவத்து விரிசலை எல்லாம் பூசி அடைச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பு கெட்டியா ரெண்டு கோட் அடிங்க. ஒளிய இடம் இல்லாம பண்றதுதான் பாதி வைத்தியம்.

கொட்டகைய ஒரு மாசம் காலியா போட்டா செத்துடும்னு நினைக்கறவங்களுக்கு: ரெட் மைட் குளிர் ஊர்ல எட்டு மாசம் வரைக்கும் ரத்தமே இல்லாம இருந்திருக்கு. நம்ம வெயில்ல அவ்ளோ தாங்காது, ஆனா ஒரு மாசம் பத்தாது.

ஏப்ரல் 18

கோழி இல்லாத வீடு, சென்னையில ஆறாவது மாடி, ராத்திரி உடம்பெல்லாம் அரிக்குது, மூட்டைப்பூச்சி ஆளை வெச்சு மருந்து அடிச்சும் போகலன்னு ஒருத்தங்க இங்க வந்து கேட்டிருக்காங்க. சரியான இடத்துலதான் கேட்டிருக்கீங்க. ஏசி பெட்டிக்குப் பின்னாடி புறா கூடு இருக்கான்னு பாருங்க. குஞ்சு பறந்து போனதும் கூட்டுல இருக்கற செல்லுக்கு சாப்பாடு நின்னுடும், ஜன்னல் இடுக்கு வழியா உள்ள வரும். மனுஷனை கடிக்கும், செவப்பா தடிக்கும், ஆனா மனுஷ ரத்தத்தை வெச்சு குடும்பம் நடத்த அதால முடியாது. தலையில குடியேறிடும்னு மேல ஒருத்தர் பயமுறுத்தியிருக்கார், அது நடக்காது. கூடு காலியா இருந்தா முகத்துல துணி கட்டிக்கிட்டு, கையுறை போட்டு கூட்டையும் எச்சத்தையும் கவர்ல அள்ளி கட்டி எறிஞ்சுட்டு, அந்த இடத்தை சோப்புத் தண்ணில கழுவி வலை அடிச்சுடுங்க. கூட்டை எடுக்காம வீட்டுக்குள்ள எவ்ளோ அடிச்சாலும் வந்துட்டேதான் இருக்கும்.

ஏப்ரல் 21

முயல். பேச்சு எங்கயோ போகுதுன்னு சொல்லாதீங்க, விஷயம் அதேதான், தோல் மேலயே இருக்கற இன்னொரு ஆளு. முயல் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு, காதை பின்னங்கால்ல சொறியுதுன்னா காதுக்குள்ள பாருங்க. சோராப்டஸ்ங்கற செல்லு. காது மடலுக்குள்ள பழுப்பு நிறத்துல பொறுக்கு அடுக்கடுக்கா நிக்கும், வாடை வரும். பொறுக்கை பிச்சு எடுக்காதீங்க, அடியில பச்சைப் புண்ணு, ரத்தம் வரும், முயல் வலியில கத்தும். டாக்டர்கிட்ட போனா ஐவர்மெக்டின் தோலுக்கு அடியில போடுவாங்க, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி. பொறுக்கு தானா உலந்து விழுந்துடும். முதல் ஊசி போட்ட நாலஞ்சு நாள்லயே தலை ஆட்டறது நின்னுடும், அதைப் பாத்துட்டு ரெண்டாவது ஊசிக்குப் போகாம இருந்துடாதீங்க.

இந்த சோராப்டஸ் குடும்பம்தான் ஆட்டுக்கு சொறியை உண்டாக்கி, ஆட்டு ரோமத்தை வெச்சு பொழைச்ச நாடுங்களையே ஆட்டி வெச்சது. ஆஸ்திரேலியா 1896லயே ஒழிச்சு முடிச்சாங்க. இங்கிலாந்துல 1952ல ஒழிச்சோம்னு சொன்னாங்க, 1973ல திரும்ப வந்துருச்சு, அப்புறம் எல்லா ஆட்டையும் மருந்துத் தொட்டில முக்கணும்னு சட்டம் போட்டு, 1992ல அந்தக் கட்டாயத்தை எடுத்ததும் பரவி இன்னைக்கு வரைக்கும் இருக்கு. ஊர்ல ஒருத்தர் விட்டாலும் எல்லாருக்கும் திரும்பும்.

முயலுக்கு ஃபிப்ரோனில் சொட்டு விட்டுடாதீங்க, செத்துடும். பூனைக்கு பெர்மெத்ரின், பியூட்டாக்ஸ் வகையறா ஆகாது, அதுவும் உயிருக்கே போகும். பூனை காதுல காபித்தூள் மாதிரி கருப்பா அழுக்கு வந்துட்டே இருந்தா அதுவும் ஒரு செல்லுதான், ஓட்டோடெக்டஸ், வீட்ல இருக்கற நாய்க்கும் ஒட்டும். டாக்டர் பாத்து பூனைக்குன்னு குடுக்கற மருந்து மட்டும்.

ஏப்ரல் 22

கால் செதில் தூக்கிக்கிட்டு சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கற கோழி படம் போட்டவருக்கு: அதுவும் செல்லுதான், ஆனா அது செதிலுக்கு அடியில குடையற ஜாதி. மேல சொன்ன பொடி எதுவும் அங்க எட்டாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில காலை ஊற வெச்சு, பழைய பல் தேய்க்கற பிரஷ்ல மெதுவா தேச்சு, வேப்பெண்ணெயோ வாஸ்லினோ கெட்டியா பூசுங்க, மூச்சு முட்டி சாகும். வாரத்துக்கு ரெண்டு தடவை, புது செதில் வர்ற வரைக்கும். ஒரு மாசத்துக்கு மேல ஆகும், பொறுமை வேணும்.

ஏப்ரல் 25

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கார். கூடை மாத்தின ராத்திரி கோழி கொஞ்ச நேரம் முரண்டு புடிச்சுட்டு உக்காந்துருச்சாம், பதினோரு முட்டையில எட்டு பொரிச்சிருக்கு, குஞ்சு எல்லாம் சுறுசுறுப்பா இருக்காம். ரொம்ப சந்தோஷம். அந்தத் தாய்க்கோழி கொண்டை இன்னும் வெளுப்பா இருக்குன்னு சொல்றீங்க, ரத்தம் ஊற நாளாகும். முருங்கைக்கீரை பொடியா அரிஞ்சு போடுங்க, கருவாட்டுத் தூள் கொஞ்சம், கம்பு, ராகி கலந்து குடுங்க. குஞ்சோட திரியற வரைக்கும் வாரம் ஒரு தடவை பின்பக்க இறகை ஊதிப் பாருங்க.

மூணு முட்டை பொரியாததுக்கு செல்லுதான் காரணமான்னு கேட்டா, அப்படி சொல்ல முடியாது. கூழ்முட்டையா இருந்திருக்கலாம், கோழி இறங்கி இறங்கிப் போனதுல குளுந்திருக்கலாம்.

மே 2

ராத்திரி கோழி கம்புல தட்டையா, கோழி எச்சம் மாதிரி பழுப்பா, சுண்டுவிரல் நகத்துல பாதி சைஸ்ல பூச்சி இருக்குன்னு ஒருத்தர் படம் அனுப்பியிருந்தார். அது செல்லு இல்ல, கோழி உண்ணி, ஆர்காஸ். அதுவும் பகல்ல இடுக்குல ஒளிஞ்சு ராத்திரி வர்றதுதான், ஆனா பெருசு, பட்டினி கிடந்தாலும் வருஷக்கணக்குல சாகாது, கோழிக்கு காய்ச்சல் நோயையும் கொண்டு வரும். கோழி திடீர்னு காய்ச்சல் அடிச்சு, பச்சையா கழிஞ்சு, கால் விழுந்து சாகுதுன்னா கால்நடை மருந்தகத்துல உடனே காட்டுங்க, இங்க எழுதிட்டு பதிலுக்கு காத்துட்டு இருக்காதீங்க. இடுக்கு அடைக்கற வேலை, சுண்ணாம்பு, வென்னீர் எல்லாம் அதுக்கும் அப்படியே பொருந்தும்.

மே 11

சந்தைல கோழி வாங்கறவங்களுக்கு. வீட்டுக்கு கொண்டு வந்ததும் மத்த கோழிங்களோட விடாம மூணு வாரம் தனியா வைங்க, வந்த அன்னைக்கே பின்பக்கம் ஊதிப் பாருங்க, றெக்கைய தூக்கிப் பாருங்க. கட்டிக் கொண்டு வந்த சாக்கை கோழிக் கொட்டகைல போடாதீங்க.

முட்டை அட்டை இன்னும் மோசம். கடையில இருந்து பழைய அட்டைய சும்மா கிடைக்குதுன்னு வாங்கிட்டு வந்து அடை முட்டை சேக்கறதுக்கு வெச்சுக்கறோம், அது எந்தப் பண்ணை எந்தக் கொட்டகைல இருந்து வந்துச்சோ, காகித அட்டையோட குழிக்கு அடியில செல்லு ஜம்முனு உக்காந்து வரும். பிளாஸ்டிக் தட்டா இருந்தா வென்னீர்ல கழுவி காய வெச்சு வெச்சுக்கங்க. காகித அட்டை வேண்டாம், ஒரு சட்டியில தவிடு போட்டு கூர்முனை கீழ இருக்கற மாதிரி முட்டைய வைங்க, அதுவே போதும்.